கேள்வி–பதில்: ராக் மேடையில் பார்டோக்கும் பிராம்ஸும்

கேள்வி: எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழுவின் 'தி பார்பேரியன்' ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் பியானோ இசை என்று இப்போதுதான் தெரிந்தது. அதில் கீபோர்டு வாசிக்கும் கீத் எமர்சனின் சொந்தச் சரக்கு என்றே நினைத்திருந்தேன். இதைச் 'சுட்டது' என்றுதானே சொல்ல வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: பெயர் போடாமல் வெளியிட்டது தப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1970-ல் வந்த அந்த முதல் ஆல்பத்தில் இசை என்று குழுவினர் பெயர்தான் இருந்தது. பார்டோக் 1911-ல் எழுதிய 'அல்லெக்ரோ பார்பரோ' அது. அவர் காலமானது 1945-ல்தான், ஆகவே பதிப்புரிமையும் காலாவதி ஆகவில்லை. அதே ஆல்பத்தில் 'நைஃப் எட்ஜ்' என்ற பாட்டு இருக்கிறதே, அது செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் 'சின்ஃபோனியெட்டா'. நடுவில் பாக் எழுதிய 'பிரெஞ்சு சூட்' என்ற நடன இசைத் தொகுப்பிலிருந்து ஒரு துண்டு. பின்னால் வந்த பதிப்புகளில்தான் இவர்கள் பெயரெல்லாம் ஏறின.

ஆனால் 'சுட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அங்கே நடந்திருக்கும் வேலை நம் காதில் விழாமலே போய்விடும். பார்டோக் பியானோவைத் தாளவாத்தியமாக ஆக்கியவர். இந்தத் துண்டில் ஒரே கார்டு (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) விடாமல் இடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் கிராமத்துப் பாட்டின் வாடையோடு ஒரு மெட்டு போகும். அந்த இடியை எமர்சன் தன் ஹேமண்ட் என்ற மின் ஆர்கனுக்கும் கிரெக் லேக்கின் கரகரத்த பேஸுக்கும் கார்ல் பாமரின் டிரம்ஸுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, நடுவில் சட்டென்று நிஜப் பியானோவுக்குத் தாவி, ஜாஸ்காரர் மாதிரி கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திரும்ப ஆர்கனுக்கு வருகிறார். மூலத்தில் மறைந்திருந்த முரட்டுத்தனம் இங்கே முழுசாக வெளியே வருகிறது. மெட்டை மட்டும் உருவி எடுப்பவரால் இதைச் செய்ய முடியாது.

கேள்வி: அப்படியானால் முறையாக அனுமதி கேட்டு வாசித்ததே இல்லையா? (வாசகி, திருச்சி)

பதில்: உண்டு, அதுதான் எமர்சனின் ஆகச் சிறந்த வேலையும்கூட என்பேன். அர்ஜென்டினாவின் ஆல்பெர்டோ ஹினாஸ்டெரா 1961-ல் எழுதிய முதல் பியானோ கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை 'டொக்காட்டா' என்ற பெயரில் வாசித்தார்கள். அப்போது ஹினாஸ்டெரா ஜெனீவாவில் இருந்தார். எமர்சன் நேரில் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டினார். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் அனுமதி கொடுத்தார். 1973-ல் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி' ஆல்பத்தில் வந்தது. ஆர்க்கெஸ்ட்ராவின் இடத்தை மூக் சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டு எடுத்துக்கொள்கிறது, நடுவில் பாமர் டிரம்ஸோடு சேர்த்த மின்னணுக் கருவிகளால் ஒரு பகுதியே கட்டுகிறார். ஒரு இசையமைப்பாளர் உயிரோடு இருக்கும்போதே தன் படைப்பு இப்படி உருமாறியதைக் கேட்டுச் சரி என்று சொல்வது சாதாரண விஷயமா? ஏரன் கோப்லாண்டும் தன் 1942-ஆம் வருஷத்து 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' இசைக்கு அனுமதி கொடுத்தார். 1977-ல் அது பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடம் வரை போனது.

கேள்வி: ரிக் வேக்மேன் பிராம்ஸை வாசித்திருக்கிறாராமே, எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவர் கீபோர்டு வாசித்த 'யெஸ்' ராக் குழுவின் 1971 ஆல்பம் 'ஃப்ராஜைல்'. அதில் 'கேன்ஸ் அண்ட் பிராம்ஸ்' என்று ஒன்றரை நிமிஷத்துச் சின்னத் துண்டு. பிராம்ஸின் நான்காவது சிம்ஃபனியின் மூன்றாம் பகுதியை வேக்மேன் ஒருவரே தனித்தனியாக வாசித்து அடுக்கியிருக்கிறார்: வயலின் வகைகளுக்கு எலெக்ட்ரிக் பியானோ, குழல்களுக்கு கிராண்ட் பியானோ, பித்தளை வாத்தியங்களுக்கு ஆர்கன், ரீட் வைத்து ஊதும் வாத்தியங்களுக்கு எலெக்ட்ரிக் ஹார்ப்சிகார்டு, கான்ட்ராபசூன் என்ற கட்டைக்குரல் ஊதுவாத்தியத்துக்கு சிந்தசைசர். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தவர், கையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு இது ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு கீபோர்டு என்று மாற்றி வைத்ததோடு நின்றுவிடுகிறது. பிராம்ஸிடம் ஏற்கெனவே இல்லாதது எதுவும் இதில் கிடைக்கவில்லை. அதே ஆல்பத்தில் 'ரவுண்டபவுட்' பாட்டில் அவர் வாசிக்கும் ஆர்கன் தனி ஆவர்த்தனத்தைக் கேளுங்கள். யாருடைய மெட்டும் கிடையாது, ஆனால் கற்ற சாஸ்திரீயப் பாடம் முழுக்க விரல்களில் இருக்கிறது.

கேள்வி: 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் ஆர்கன் இசை பாக்கிடமிருந்து எடுத்ததா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படியே எடுத்ததில்லை. பேஸ் படிப்படியாக இறங்குவது பாக்கின் புகழ்பெற்ற 'ஏர்' மாதிரி இருக்கும், மேலே போகும் மெட்டு, பாட்டை வாசித்த புரோகோல் ஹாரம் குழுவின் ஆர்கன்காரர் மாத்யூ ஃபிஷருடையது. 1967-ல் வந்த பாட்டு. அதில் தன் பங்கைக் கேட்டு அவர் பல வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2009-ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தார்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்'. ஒரு ஓவியக் கண்காட்சியின் படங்களை ஒவ்வொன்றாக இசையாக்கி, ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கி 1874-ல் பியானோவுக்கு எழுதியது. முதலில் அந்தப் பியானோ வடிவத்தைக் கேட்டுவிடுங்கள், பலரும் ராவெல் 1922-ல் செய்த ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தையே மூலம் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் இ.எல்.பி. (எமர்சன், லேக் அண்ட் பாமர்) 1971 மார்ச் 26 அன்று நியூகாசில் சிட்டி ஹாலில் வாசித்த மேடைப் பதிவுக்கு வாருங்கள். தொடக்க 'புரொமெனாடை' எமர்சன் அந்த மண்டபத்தின் பெரிய பைப் ஆர்கனிலேயே வாசித்தார். அது மேடைக்கு மேலே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அவர் இறங்கி வந்து தன் ஹேமண்ட் ஆர்கனையும் மூக் சிந்தசைசரையும் பிடிக்க நேரம் வேண்டுமே, அதற்காகத்தான் பாமர் டிரம்ஸை உருட்டிக்கொண்டே இருக்கிறார். தெரிந்து கேட்டால் அந்த இடம் இன்னும் ரசிக்கும். முஸோர்க்ஸ்கியின் எல்லாப் படங்களும் இதில் கிடையாது, சிலவற்றை விட்டுவிட்டுத் தங்கள் சொந்தப் பாட்டுகளையும் ஒரு ப்ளூஸையும் செருகியிருக்கிறார்கள். சில இடங்களில் சத்தம் அதிகம்தான். 'தி ஓல்டு காஸில்' பகுதியில் மூலத்தின் சோகம் முழுக்கத் தொலைந்துபோகிறது, அது எனக்கு வருத்தமே. கடைசியில் வரும் 'தி கிரேட் கேட்ஸ் ஆஃப் கீவ்' பகுதியை மட்டும் இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில்.