சரியான பாஸ்வேர்டையே தவறு என்கிறதா விண்டோஸ் சர்வர்?

கேள்வி: உபுண்டு 22.04-இல் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இணையதளச் சான்றிதழை எடுத்து, பிஎஃப்எக்ஸ் கோப்பாக (சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் சேர்ந்தது) மாற்றி, விண்டோஸ் சர்வர் 2016-இன் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் இம்போர்ட் செய்யப் பார்க்கிறேன். ‘பாஸ்வேர்டு தவறு’ என்றே வருகிறது. எளிய பாஸ்வேர்டு வைத்துப் பார்த்தும் அதே கதைதான். பழைய லினக்ஸ் கணினியில் செய்தவரை இந்தத் தொல்லை வந்ததில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பழைய லினக்ஸில் வந்ததில்லை என்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. லினக்ஸில் அந்தக் கோப்பை உருவாக்கும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எல். 2021 செப்டம்பரில் வெளியான அதன் 3.0 பதிப்பு, பிஎஃப்எக்ஸ் கோப்பைப் பூட்டும் முறையையே மாற்றிவிட்டது. அதற்கு முன்பு பிரைவேட் கீயை (ரகசியச் சாவியை) டிரிப்பிள் டெஸ் என்ற பழைய குறியாக்க முறை கொண்டு பூட்டியது. கோப்பைச் சரிபார்க்க எஸ்எச்ஏ-1. இப்போது பூட்ட ஏஇஎஸ்-256, சரிபார்க்க எஸ்எச்ஏ-256. உபுண்டு 22.04-இல் இருப்பது இந்தப் புதியதுதான். சர்வர் 2019-க்கு இது புரியும், 2016-க்குப் புரியாது. புரியவில்லை என்று நேராகச் சொல்லித் தொலைத்தாலும் பரவாயில்லை. பழியைத் தூக்கி பாஸ்வேர்டின் மேல் போடுகிறது.

சந்தேகமிருந்தால் லினக்ஸிலேயே சோதித்துவிடலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிகேசிஎஸ்12 கட்டளையை ‘இன்ஃபோ’, ‘நோஅவுட்’ ஆப்ஷன்களோடு ஓட்டி, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். கோப்பு திறந்தால் பாஸ்வேர்டு சரி. ‘மேக்: எஸ்எச்ஏ256’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘ஏஇஎஸ்-256-சிபிசி’ என்றும் வந்தால் காரணம் உறுதி.

பழைய முறையில் பூட்டச் சொல்லி, கோப்பை மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதே பிகேசிஎஸ்12 கட்டளையில் ‘சர்ட்பிபிஇ’ (சான்றிதழின் பூட்டு), ‘கீபிபிஇ’ (சாவியின் பூட்டு) இரண்டுக்கும் ‘பிபிஇ-எஸ்எச்ஏ1-3டெஸ்’, ‘மேக்ஆல்க்’ (சரிபார்க்கும் முறை) ஆப்ஷனுக்கு ‘எஸ்எச்ஏ1’ என்று கொடுத்தால் போதும். ‘லெகசி’ என்று ஒற்றை ஆப்ஷனும் உண்டு. அது சான்றிதழை 40 பிட் ஆர்சி2 என்ற பலவீனமான முறையால் பூட்டும். சான்றிதழ் எப்படியும் ஊரறிந்த பொருள், நஷ்டமில்லை. ஆனாலும் என் ஓட்டு முதல் வழிக்கே: எதை எதால் பூட்டினோம் என்பது கட்டளையைப் பார்த்தாலே தெரியும்.

பழைய பூட்டு ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். கோப்பு சர்வர் போய்ச் சேரும்வரைதான் அந்தப் பூட்டுக்கு வேலை. தளத்தின் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்) இணைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், கோப்பை மெயிலில் அனுப்பாதீர்கள், இம்போர்ட் முடிந்ததும் இரண்டு பக்கமும் அழித்துவிடுங்கள்.

இதைத் தாண்டியதும் பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. கோப்பை டபுள் கிளிக் செய்தால் வரும் விசர்டு ‘கரன்ட் யூசர்’ என்பதையே முதலில் தேர்ந்து வைத்திருக்கும். அப்படியே நெக்ஸ்ட் தட்டிக்கொண்டு போனால் இம்போர்ட் வெற்றி என்று வரும், ஐஐஎஸ் பட்டியலிலோ சான்றிதழ் இருக்காது. ‘லோக்கல் மெஷின்’ தேர்ந்து, ‘பெர்சனல்’ ஸ்டோரில் போடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது வெறும் ‘சர்ட்’ கோப்பு வேண்டாம், இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ கோப்பை எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிரவுசரில் நன்றாகத் திறக்கும் தளம் சிலருடைய போனில் எச்சரிக்கை காட்டும்.

லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான். ஆகவே அந்த எக்ஸ்போர்ட் கட்டளையை சான்றிதழைப் புதுப்பிக்கும் கருவியான சர்ட்பாட்டின் ‘டிப்ளாய் ஹுக்’ ஸ்கிரிப்டில் (புதுப்பித்ததும் தானாக ஓடுவது) எழுதி வைத்துவிடுங்கள். சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு ஆதரவு 2027 ஜனவரி 12-இல் முடிகிறது. புதிய பதிப்புக்கு மாறும்போது அந்தப் பழைய ஆப்ஷன்களை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடலாம்.