தாத்தாவின் ஊரைத் தேட எந்த டிஎன்ஏ சோதனை வாங்கலாம்?

கேள்வி: ஈப்போவில் வசிக்கும் பெண் நான், வயது 52. அப்பாவின் அப்பா 1924-ல் ராஜூலா கப்பலில் மலாயா வந்து, சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார். ஊர் நத்தம், திருச்சி ஜில்லா, குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் என்பது மட்டும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தோடு கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. டிஎன்ஏ சோதனை செய்து சின்னத்தாத்தா குடும்பத்தைத் தேடலாம் என்கிறாள் மகள். எந்த நிறுவனத்தில் வாங்குவது? அப்பா இல்லை. 84 வயதில் அத்தையும் 79 வயதில் சித்தப்பாவும் இருக்கிறார்கள்.

பதில்: அத்தையும் சித்தப்பாவும் இருக்கிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த வரி அதுதான். நிறுவனத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். சோதனைக்கு யார் உட்கார வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிடுவோம்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோரின் டிஎன்ஏ பாதியாகக் குறைகிறது. தாத்தாவிடம் இருந்ததில் பாதி உங்கள் அத்தையிடம் இருக்கிறது. உங்களிடம் ஏறக்குறைய கால்வாசி, உங்கள் மகளிடம் அரைக்கால். சின்னத்தாத்தாவின் பேரன் ஒருவர் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அத்தைக்கும் சராசரியாக 430 சென்டிமார்கன் பொதுவாக இருக்கும். சென்டிமார்கன் என்பது பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு. அதே பேரனுக்கும் உங்களுக்கும் 230 அளவுக்குத்தான் வரும், உங்கள் மகளுக்கு அதிலும் பாதி. சின்னத்தாத்தாவின் பிள்ளைகளில் யாராவது உயிரோடு இருந்து அவர்களே கிடைத்தால், அத்தையோடு சுமார் 870 வரும். அந்த அளவுக்கு வந்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. அதனால் மகளுக்கு என்று வாங்க நினைத்த சோதனைப் பெட்டியை அத்தைக்கு வாங்குங்கள். கையில் பணம் இருந்தால் சித்தப்பாவுக்கும் ஒன்று.

சித்தப்பா ஏன் என்றால், ஒய் குரோமோசோம். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. நம் மொழியில் சொன்னால் அது பங்காளி வழி. உங்கள் சித்தப்பாவும், சின்னத்தாத்தாவின் மகனும், அந்த மகனின் மகனும் ஏறக்குறைய ஒரே ஒய் குரோமோசோமைத்தான் வைத்திருப்பார்கள். மாமன் மச்சான்களிடம் அது இருக்காது. உங்களிடமும் அத்தையிடமும் ஒய் குரோமோசோமே கிடையாது. ஆகவே இந்தச் சோதனைக்குச் சித்தப்பாதான் வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களைத் திரட்டி ஒய் சோதனை செய்து கிளைகளைப் பிரிக்கிறார்கள். நமக்கு அப்பா பெயர்தான் முன்னெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். அந்த வழி நமக்கு உதவாது. ஒய் பொருத்தம் வந்தாலும், இருவரும் ஒரே தகப்பன் வழியில் வந்தவர்கள் என்று மட்டுமே அது சொல்லும். அந்தத் தகப்பன் உங்கள் கொள்ளுத்தாத்தாவா, 400 வருடத்துக்கு முந்தியவரா என்பதை ஒய் குரோமோசோமில் 37 இடங்களை மட்டும் பார்க்கும் சாதாரண ஒய் சோதனை சொல்லாது. அத்தையின் சோதனையோடு சேர்த்து வைத்தால்தான் அதற்கு மதிப்பு.

சரி, நிறுவனங்கள்.

ஆன்செஸ்ட்ரியிடம்தான் மிகப் பெரிய தரவுத்தளம் இருக்கிறது, இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல். 23அண்ட்மீ ஒன்றரைக் கோடி என்கிறது. எண்ணிக்கையைப் பார்த்ததும் மனம் அங்கேதான் போகும். ஆனால் அந்த இரண்டரைக் கோடியில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் அமெரிக்கர்கள், அவர்களுக்கு அடுத்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் உள்ளவர்கள். சிறுவாச்சூர் இருக்கும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற உங்கள் பங்காளி எந்தக் காலத்திலும் எச்சில் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்க மாட்டார். தரவுத்தளத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் தமிழர்கள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள். அவர்களில் பலர் உங்களைப் போலவே ஊரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். அதனால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. அவர்களில் ஒருவர் வீட்டுப் பெட்டியில் உங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கடிதம் இருக்கலாம். ஆனால் பெட்டியை வாங்கி அனுப்பிவிட்டால் கணினித் திரையில் சின்னத்தாத்தா குடும்பம் வந்து நிற்கும் என்ற எதிர்பார்ப்போடு பணம் கட்டாதீர்கள். நம் குடும்பங்களைப் பொறுத்தவரை ஆளைத் தேடித் தருவது காகிதமும் வாய்மொழியும். தேடிப் பிடித்த ஆள் நம்மவர்தானா என்று உறுதி செய்யும் இடத்தில்தான் டிஎன்ஏ வேலை செய்கிறது. எதை வாங்குவது என்பதையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இருக்கிறது. விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்கள் நாம். ஒரே ஆள் ஒரு வழியில் மாமா, இன்னொரு வழியில் அண்ணன். டிஎன்ஏயும் அப்படித்தான் பல வழியில் வந்து சேர்கிறது. நிறுவனத்தின் கணினி எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்த்து, நிஜத்தில் இருப்பதைவிட நெருங்கிய உறவு என்று காட்டிவிடும். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தார்கள். அதில் 81 சமூகங்கள், அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும் விடக் குறுகிய முன்னோர் வட்டத்திலிருந்து வந்த தடயத்தைக் காட்டின. உட்சமூகத் திருமணத்துக்கு உலகமே உதாரணம் காட்டுவது அந்த இரண்டு கூட்டத்தைத்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் உதவி செய்த ஒரு கிள்ளான் குடும்பத்துக்கு லண்டனில் ஒரு பெண்மணியோடு 210 சென்டிமார்கன் பொருத்தம் வந்தது. கொள்ளுத்தாத்தா ஒருவரே என்று நினைத்து வீடே கொண்டாடியது. துண்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 19 துண்டுகள், எதுவும் 22-ஐத் தாண்டவில்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவிலிருந்து வந்திருந்தால் துண்டுகள் குறைவாகவும் நீளமாகவும் இருக்கும், ஒன்றாவது 40-ஐத் தொடும். இரு பக்கமும் கேட்டு எழுதிய பிறகு, அதற்கும் இரண்டு தலைமுறை மேலே மூன்று வழியில் சொந்தம் என்று தெரிந்தது. சொந்தம்தான், தேடிய சொந்தம் இல்லை. அன்றிலிருந்து, மிக நீண்ட துண்டே இப்படிச் சிறியதாக இருந்தால் அதை நம்பி நான் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

அதனால்தான், எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் துண்டு பொருந்துகிறது என்று படமாகக் காட்டும் வசதி நமக்கு மிக அவசியம். ஆன்செஸ்ட்ரி மிக நீண்ட துண்டின் அளவைச் சொல்லும், படத்தைக் காட்டாது. ஃபேமிலிட்ரீடிஎன்ஏ, மைஹெரிட்டேஜ் இரண்டிலும் படம் உண்டு. கெட்மேட்ச் என்ற தளத்திலும் உண்டு. அது சோதனை செய்வதில்லை. மற்ற இடத்தில் எடுத்த மூலத் தரவைப் பதிவேற்றி ஒப்பிடலாம். பெற்றோர் இருவரும் உறவினரா என்று பார்க்கும் கருவியும் அங்கே இருக்கிறது. நம் வீடுகளில் அதை முதலிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவில்தான் தொடங்குவேன். டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்து நிறுவனம், 2000-ல் தொடங்கியது. அத்தைக்கு அங்கே எல்லா வழி உறவினரையும் பொருத்திப் பார்க்கும் ஃபேமிலி ஃபைண்டர் சோதனை, சித்தப்பாவுக்கு அதோடு ஒய்-37. ஒரே இடத்தில் இரண்டும் முடிந்துவிடும். ஒய் குரோமோசோமை இன்னும் விரிவாகப் பார்க்கும், பல நூறு டாலர் ஆகும் பிக் ஒய் இப்போது வேண்டாம். மாதிரியைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். நாளைக்கு வேறு சோதனை தேவைப்படும்போது பெரியவர்கள் நம்மோடு இல்லாமல் போகலாம். அவர்கள் கொடுத்த மாதிரி இருக்கும். முடிவு வந்ததும் மூலத் தரவை இறக்கிக் கெட்மேட்சில் ஏற்றுங்கள். ஆன்செஸ்ட்ரி வெளித் தரவை ஏற்பதில்லை, அங்கே நுழைய வேண்டுமானால் தனியாக அவர்கள் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களைத் தேட அதன் அளவு உதவும். ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். ஏப்ரல் 25 டிஎன்ஏ தினத்தை ஒட்டியும் ஆண்டு இறுதியிலும் தள்ளுபடி போடுவார்கள், அதுவரை பொறுங்கள். மலேசியாவுக்கு அனுப்பும் செலவையும் திருப்பி அனுப்பும் தபால் செலவையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆன்செஸ்ட்ரிக்கும் 23அண்ட்மீக்கும் குழாயில் எச்சில் நிரப்ப வேண்டும். மைஹெரிட்டேஜும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்க்கச் சொல்கின்றன. 80 வயதுக்கு மேல் வாய் வறண்டிருக்கும். ஒரு பாட்டி குழாயின் கோடு வரை எச்சில் சேர்க்க முக்கால் மணி நேரம் பாடுபட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்கு அரைமணி முன்பிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பாவமாக இருந்தது. குச்சி சுலபம். அத்தை வெற்றிலை போடுபவராக இருந்தால், காலையில் எழுந்தவுடன், முதல் வெற்றிலைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

எத்தனை சதவீதம் எந்த இனம் என்று வரும் வண்ணப் படத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தென்னிந்தியா என்று வரும், அது உங்களுக்கே தெரியும். ஊரை எந்தச் சோதனையும் சொல்லாது.

தரவுப் பாதுகாப்பைப் பற்றி மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 2023-ல் 23அண்ட்மீயில் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. வேறு தளங்களில் திருடிய கடவுச்சொற்களையே போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாபநோக்கற்ற அமைப்பே 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. நிறுவனம் கை மாறினால் தரவும் சேர்ந்து போகும் என்பதை எல்லோரும் அன்று புரிந்துகொண்டார்கள். ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் குறை இல்லாதது இல்லை. அமெரிக்கக் காவல்துறை குற்ற விசாரணைக்காக அதன் தரவுத்தளத்தில் தேட அனுமதித்தது 2019-ல் வெளியே வந்தது. அதிலிருந்து விலகிக்கொள்ளும் தேர்வு உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. தனிக் கடவுச்சொல், இரண்டடுக்கு உறுதி, ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்கும் பெட்டியில் டிக் போடாமல் விடுவது, இந்த மூன்றும் போதும். உங்கள் குடும்பத்தில் யாராவது பாரிஸிலோ பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலோ இருந்தால் அவர்களை இதில் இழுக்காதீர்கள். வம்சம் தேடுவதற்கு டிஎன்ஏ சோதனை வாங்குவது பிரான்ஸ் சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம்.

அத்தையிடம் முழுதாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஊரில் ஒரு மனைவியை விட்டுவிட்டு வந்து தோட்டத்தில் இன்னொரு குடும்பம் அமைத்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அனாதையாக நின்ற பிள்ளையை எடுத்து வளர்த்தவர்களும் உண்டு. சோதனை அதையும் சொல்லிவிடும். தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பெட்டி வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ராஜூலா 1926-ல் கட்டிய கப்பல். தாத்தா 1924-ல் அதில் வந்திருக்க முடியாது. வருடம் தவறு, இல்லையென்றால் கப்பல் தவறு. மலாயாவில் பலருக்கு அக்கரையிலிருந்து வந்த கப்பல் எல்லாமே ராஜூலாதான். அத்தையிடம் பொறுமையாகக் கேளுங்கள். எந்தக் கங்காணி ஆள் சேர்த்து அழைத்து வந்தார், தாத்தா எழுதிய கடிதத்தில் முகவரி எப்படி இருந்தது, மணியார்டர் யார் பெயருக்குப் போனது, தம்பி மனைவி எந்த ஊர்ப் பெண். நத்தம் என்பது ஊரின் பெயராக இல்லாமலும் இருக்கலாம். கிராமத்தின் குடியிருப்பு மனைக்கே நத்தம் என்றுதான் பெயர். அன்றைய திருச்சி ஜில்லாவில் இன்றைய பெரம்பலூர், அரியலூர், கரூர் எல்லாம் அடக்கம். ஆனால் மதுரகாளியம்மன் உங்கள் வட்டத்தை நன்றாகவே சுருக்கித் தருகிறாள். சிறுவாச்சூர் பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பது வழக்கம், அன்று போனால் சுற்றுவட்டாரத்து ஆட்கள் வருவார்கள். மலாயாவுக்கு ஆள் போன குடும்பம் எது என்று கேட்டால், அந்த ஊர்களில் இன்னும் நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு.

அப்படி ஒரு குடும்பம் கிடைத்து, அவர்களும் சம்மதித்தால், அந்த வீட்டின் மூத்தவர் ஒருவரின் மாதிரியை அத்தையின் மாதிரி இருக்கும் அதே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து உயிரியல் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப விதிமுறைகள் உண்டு. எல்லா நிறுவனமும் இந்தியாவுக்குப் பெட்டி அனுப்புவதும் இல்லை. அதனால் அத்தைக்கு வாங்குவதற்கு முன்பே, இந்தியாவில் இருப்பவரின் மாதிரியை ஏற்பார்களா, எப்படி அனுப்புவது என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று பதில் வந்தால் இதே கேள்வியை மைஹெரிட்டேஜுக்கு அனுப்புங்கள்.