சளி போய்விட்டது, இளைப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படகர் கிராமத்தில்) வசிக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்பு இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை மழையில் பேரனுக்குப் பள்ளியிலிருந்து வந்த சளி அப்பாவையும் பிடித்தது. ஒரு வாரம் மருத்துவமனையில் ஆக்சிஜனோடு கிடந்தார். பேரன் மூன்றே நாளில் விளையாடப் போய்விட்டான். அப்பாவோ இரண்டு மாதம் கழித்தும் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் படிகளில் நான்கு இடத்தில் உட்கார்ந்துதான் வருகிறார். வெறும் சளி இவ்வளவு செய்யுமா? மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அடுத்த முறை சளி பிடித்தால் என்ன செய்வது? பேரனைத் தள்ளி வைக்க வேண்டுமா? ஜனவரியில் எங்கள் படகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போயே தீருவேன் என்கிறார், அனுப்பலாமா?
- ஒரு மகள், கோத்தகிரி வட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பேரனுக்கும் தாத்தாவுக்கும் வந்தது அநேகமாக ஒரே வைரஸ்தான். அது போய் இறங்கிய நுரையீரல்கள்தாம் வேறு. சாதாரண சளியைத் தரும் ரைனோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா ஆகியவற்றில் எது நுழைந்தாலும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கும், கோழை சுரக்கும். நலமாக இருக்கும் நுரையீரலில் குழாய்கள் அகலமாக இருப்பதால் அந்த வீக்கம் பெரிதாகத் தெரிவதில்லை. கோழையை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்களும் அங்கே வேலை செய்கின்றன. பீடிப்புகையும் அடுப்புப்புகையும் பல ஆண்டுகள் பட்ட நுரையீரலிலோ குழாய்கள் முன்பே சுருங்கியிருக்கின்றன, நுண்மயிர்கள் பெரும்பாலும் அழிந்திருக்கின்றன. அகலமான சாலையில் ஒரு கூடை மண் சரிந்தால் வண்டிகள் ஒதுங்கிப் போய்விடும். உங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அதே மண் சரிந்தால் இரு பக்கமும் நின்றுவிடுகிறது அல்லவா? ஒரு குழாயின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் அதில் காற்று ஓடுவதற்கான தடை ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது இயற்பியல் கணக்கு. இழுத்த காற்றை முழுவதும் வெளியே விட முடியாமல் அது நெஞ்சுக்குள்ளேயே தங்க, அதன் மேல் அடுத்த மூச்சை இழுக்க வேண்டிய நிலையைத்தான் நோயாளிகள் ‘நெஞ்சு நிறைஞ்சு போச்சு, மூச்சு வாங்க இடமில்லை’ என்று மிகச் சரியாகச் சொல்கிறார்கள்.

சளியால் இளைப்பு திடீரென முற்றும் இத்தகைய தாக்குதலின் உண்மையான நீளத்தைப் பல குடும்பங்கள் அறிவதில்லை என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மருத்துவமனையில் இருக்கும் ஐந்தாறு நாட்கள் அதன் நடுப்பகுதி மட்டுமே. காய்ச்சல் நின்று, ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது குழாய்களின் வீக்கம் முழுவதும் வடிந்திருப்பதில்லை. ஐந்து வாரங்கள் கடந்த பின்னும் நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு, ஊதி வெளியே விடும் மூச்சின் வேகம் பழைய அளவை எட்டுவதில்லை என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வைரஸால் வந்த தாக்குதல்கள் இன்னும் மெதுவாகவே தணிகின்றன. வைரஸ் வழிவிட்ட இடத்தில் சில நாள் கழித்துப் பாக்டீரியா புகுவதும் உண்டு. சளி குறைவதுபோல் தோன்றி, பின் கோழை மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறி மறுபடி இளைப்பு ஏறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆனால் உங்கள் தந்தை படியில் நான்கு முறை உட்காருவதற்கு நுரையீரலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்ததிலும், அப்போது கொடுத்த ஸ்டீராய்டிலும், சரியாகச் சாப்பிடாததிலும் தொடைத் தசை கரைந்திருக்கும். பலமிழந்த கால் அதே படியை ஏற அதிக ஆக்சிஜன் கேட்கும், மூச்சிரைக்கும், மூச்சிரைக்கிறதே என்று அவர் நடையைக் குறைப்பார், தசை இன்னும் கரையும். ‘பெரியவர் ஓய்வெடுக்கட்டும்’ என்று நாற்காலியிலேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுக்கும் பாசம் இந்த நோயில் கெடுதலே செய்கிறது. படிக்கட்டை விட்டுவிட்டு, வீட்டு முன்னால் இருக்கும் சமதளத்தில் காலையும் மாலையும் நடக்கச் சொல்லுங்கள். லேசாக மூச்சு வாங்குவது வரை நடக்கலாம். நின்று, மூக்கால் இழுத்து, சீழ்க்கை அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் மெதுவாக விட வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை வேளைக்குப் பத்து முறை செய்யலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல், கால் வீக்கம் இருந்தால் மட்டும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இத்தகைய தாக்குதலுக்குப் பின் மாரடைப்பு அபாயமும் கூடுவதால் மூச்சிரைப்பு எல்லாம் நுரையீரலால்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை மேலே தள்ளப்பட்டு இளைப்பு கூடும். ஆகவே முட்டை, பயறு, அவரை, நிலக்கடலை ஆகியவற்றைச் சேர்த்துச் சிறு சிறு வேளைகளாகக் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான கோழைப் பரிசோதனையை அங்கேயே ஒரு முறை செய்துவிடுவதும் நல்லது.

அடுத்தது, மேட்டுப்பாளையம். உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதமே என்றாலும், அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில், சமவெளியில் 93 காட்டும் ஒருவர் உங்கள் ஊரில் 90 காட்டலாம். ஆனால் வைரஸ் மேட்டுப்பாளையத்திலும் இருக்கிறது. அங்கே வெயிலும் வாகனப்புகையும் கூடுதல். பிறந்து வளர்ந்த ஹட்டியையும் தோட்டத்தையும் விட்டு, வாடகை வீட்டின் மாடியில் அவரைக் கொண்டுபோய் வைத்தால் நடை முற்றிலும் நின்றுபோகும். ஜூலைத் தாக்குதலின் பின்விளைவு அடங்காத நேரத்தில் எடுத்த எண்ணை வைத்து இந்த முடிவை எடுக்கவே கூடாது. இன்னும் ஒரு மாதம் கழித்து, அவர் நிலையாக இருக்கும் நாளில், உட்கார்ந்த நிலையில் அளந்து பாருங்கள். 88 அல்லது அதற்குக் கீழேயே தொடர்ந்து நின்றால், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் தமனி இரத்தத்தில் வாயு அளவுகளைச் சோதித்து, வீட்டில் நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் வைப்பதா, உயரம் குறைந்த ஊருக்குப் போவதா என்று மருத்துவரோடு பேசித் தீர்மானிக்கலாம். அதற்கு மேலான எண் என்றால் வீட்டை மாற்ற வேண்டியதில்லை, வீட்டின் புகையை மாற்றினால் போதும் என்பது என் கருத்து.

புகை என்றதும் ‘சமையல் கேஸில்தான்’ என்பார்கள். மலையில் குளியல் வெந்நீர் எதில் காய்கிறது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்: பின்கட்டில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) எரியும் அடுப்பு, அதுவும் மழையில் நனைந்த விறகு. அந்த அடுப்பைப் புகை வீட்டுக்குள் திரும்பாத இடத்துக்கு மாற்றுங்கள், பெரியவரை அதன் பக்கம் குளிர்காய விடாதீர்கள். கதவை அடைத்துக்கொண்டு கும்முட்டி அடுப்பில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவதை அறவே கூடாது என்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஒரே இரவில் உயிரைக் குடித்துவிடும். அந்த நஞ்சு ஏறிய இரத்தத்தையும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணாகவே காட்டும். குளிரில் விரல் விறைத்திருந்தாலும் அந்தக் கருவி தவறாகத்தான் காட்டும் என்பதால், கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே மாட்டுங்கள். ஊட்டித் தைலம் எனும் நீலகிரித் தைலத்தைக் கொதிநீரில் ஊற்றி முகம் மூடி ஆவி பிடிப்பது சிலருக்குக் குழாயைச் சுருக்கி இருமலைக் கூட்டிவிடுகிறது. உள்ளுக்குக் கொடுப்பது விஷம்.

அடுத்த சளிக்கான தயாரிப்பை இப்போதே செய்ய வேண்டும். நல்ல நாளில் அவருடைய ஆக்சிஜன் எண் என்ன, கோழையின் நிறம் என்ன, எத்தனை படியில் நிற்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் வையுங்கள். மூக்கு ஒழுகத் தொடங்கிய அன்றே, நிவாரணத்துக்கான பம்பை எத்தனை முறை கூட்டலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த அளவில் கூட்டுங்கள். தினசரி பம்பை நிறுத்த வேண்டாம். காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்து வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்: இன்ஃப்ளூயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது; இளைப்பும் கோழையும் கூடி, கோழை நிறமும் மாறும்போதுதான் அதற்கு இடம். ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாக ஐந்து நாள் சிகிச்சை. மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பும் தசையும் கரையும். தூக்கம் வரவழைக்கும் இருமல் சிரப்பும் தூக்க மாத்திரையும் சுவாசத்தையே மந்தமாக்கக்கூடியவை, வேண்டாம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் பேசினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பகலில் தூங்கி வழிந்து குழம்பிப் பேசினாலோ, எண் 88-க்குக் கீழ் இறங்கி அவரது வழக்கத்தை விடக் குறைந்தாலோ 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும் சி.ஓ.பி.டி. என்பதைச் சொல்லிவிடுங்கள், இவர்களில் சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் வைத்தால் கரியமில வாயு தேங்கிவிடும் என்பதால் பொதுவாக 88 முதல் 92 வரை நிறுத்துவதே இலக்கு.

நீங்கள் கேட்காத ஒன்று: பம்பை அவர் எப்படி எடுக்கிறார் என்று கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? என் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னால், பலர் பொத்தானை அழுத்தியபின்தான் மூச்சை இழுக்கத் தொடங்குகிறார்கள். மருந்து வெண்புகையாக வாயோரத்தில் திரும்பி வருகிறது. முதலில் முழு மூச்சையும் விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குடுவையோடு எடுத்தால் இன்னும் எளிது. பொடி மருந்துக் கருவி என்றால் இழுப்பு வேகமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். மலையின் ஈரத்தில் அந்தக் கேப்சூல் பொடி கட்டி தட்டிப்போகும். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக, தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள். டிசம்பர் விடியலில் சில்லிட்டிருக்கும் ஸ்பிரே பம்பு சரியான அளவில் மருந்தைத் தராது. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து குலுக்கிய பின் எடுக்கட்டும். ஸ்டீராய்டு கலந்த பம்பு என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

பேரனைத் தள்ளி வைக்க வேண்டாம். அவனுக்கு மூக்கு ஒழுகும் நாட்களில் மட்டும் தாத்தாவோடு ஒரே கட்டிலில் படுக்காமல், ஒரே தட்டில் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பெரியவருக்கும் சேர்த்துக் கிடைக்கும் காப்பு. அது ஆண்டுதோறும் போட வேண்டியது, பலன் தர இரண்டு வாரம் ஆகும். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியை இதுவரை போடவில்லை என்றால் அதையும் கேளுங்கள்.

பண்டிகைக்கு அனுப்பலாம். நவம்பருக்குள் ஃப்ளூ ஊசி போட்டு, அதுவரை சமதள நடையைத் தினமும் கூட்டிக்கொண்டு வந்தால், கூட்டத்தோடு முண்டியடிக்காமல் ஓரமாக நின்று அம்மனைக் கும்பிட்டு வர அவரால் முடியும். உறைபனி விலகி வெயில் ஏறிய பின் கிளம்பி, மாலைக் குளிர் இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். மூக்கையும் வாயையும் முகக்கவசம் மூடியிருக்க வேண்டும், நிவாரணப் பம்பு அவருடைய சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், ஏற்றம் வரும் இடத்தில் ஜீப் வேண்டும். அந்த வாரத்தில் சளி பிடித்திருந்தாலோ கோழை நிறம் மாறியிருந்தாலோ பயணத்தை நிறுத்திவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பழியை என் மேல் போட்டுவிடலாம்.