ஒன்பது கம்ப்யூட்டரிலும் ஒரே விண்டோஸ் கீ: நோட்டீஸுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தெரிந்த டீலரிடம் ஒன்பது அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். எல்லாம் ஒரிஜினல் விண்டோஸ் என்று சத்தியம் செய்தார். போன வாரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 15 நாளில் லைசென்ஸ் விவரம் கேட்கிறார்கள். அக்கா மகன் ஏதோ புரோகிராம் போட்டு கீயை எடுத்துப் பார்த்தான், ஒன்பதிலும் ஒரே கீ. டீலர் போனை எடுப்பதில்லை. நம்பி மோசம் போய்விட்டேன். அவர் மேல் சீட்டிங் கேஸ் போடலாமா? இந்த கீயை ஆதாரமாகக் காட்டலாமா? எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறான் அக்கா மகன்.

பதில்: டீலரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவர் செய்த சத்தியத்துக்கு இந்த நோட்டீஸில் வேலை இல்லை. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவரைத்தான் தண்டிக்கிறது: குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடச் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தாதவருக்கு அதில் ஒரு சலுகை உண்டு, அச்சகத்துக்குக் கிடையாது. ஆக, உங்கள் கையில் இருப்பது 'எனக்குத் தெரியாது' என்ற ஒரே வாதம். நோட்டீஸை வாங்கிய நாளோடு அது முடிந்தது. அதன்பிறகு அந்த மெஷின்களில் ஓடும் ஒவ்வொரு நாளும் தெரிந்தே ஓட்டியதாகத்தான் கணக்காகும்.

ஒரே கீ என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை /டிஎல்வி சேர்த்துக் (slmgr /dlv) கொடுத்தால் கீயின் கடைசி ஐந்து எழுத்தும், அது எந்த வகை லைசென்ஸ் என்பதும் வரும். 3வி66டி என்று முடிந்தால் அது டிஜிட்டல் லைசென்ஸ் (மெஷினோடு சேர்த்து ஆன்லைனில் பதிவாகும் லைசென்ஸ்) உள்ள விண்டோஸ் புரோவில் வழக்கமாக உட்காரும் பொதுக் கீ. முறையாக வாங்கிய மெஷினிலும் அதேதான் இருக்கும். டி83ஜிஎக்ஸ் என்று முடிந்து, வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்றும் 180 நாள் கெடு என்றும் காட்டினால், வால்யூம் ஒப்பந்தமே (நிறுவனங்கள் மொத்தமாக லைசென்ஸ் வாங்கும் ஒப்பந்தம்) இல்லாத உங்கள் கடையில் அதற்கு நியாயமான விளக்கம் கிடையாது. எப்படி இருந்தாலும் கீ வேறு, லைசென்ஸ் வேறு. நீங்கள் தேட வேண்டியது பழைய பில்லை. அதில் மதர்போர்டு, ரேம் எல்லாம் வரிவரியாக இருந்து விண்டோஸுக்குத் தனி வரி இல்லையென்றால், பணம் கொடுத்து வாங்கியதாகச் சொல்ல வழியில்லை.

ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம். கட்சிக்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். நோட்டீஸுக்குப் பிந்திய இன்ஸ்டால் தேதி ஒன்பது மெஷினிலும் பதிந்துவிடும். கோர்ட்டில் காட்டவேண்டிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். அடுத்த பள்ளம், ஆன்லைனில் 500 ரூபாய்க்கு விற்கும் கீ. அவற்றில் பல எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் கீயைப் பிய்த்து விற்பவை. எல்லாவற்றையும்விட மோசம், பழைய தேதி போட்டு பில் வாங்குவது. அந்த பில் அந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருக்காது. பதிப்புரிமை வழக்கு ஃபோர்ஜரி வழக்காகிவிடும்.

செய்ய வேண்டியது வேறு. ஒன்பது மெஷினின் திரையையும், கேபினட்டில் ஸ்டிக்கர் இருந்தால் அதையும் போட்டோ எடுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, எந்த மெஷினுடையது என்று எழுதி, கவரில் ஒட்டி வையுங்கள். புது எஸ்எஸ்டியில் முறையாக வாங்கிய விண்டோஸோ லினக்ஸோ போட்டு வேலையைத் தொடருங்கள். வால்யூம் லைசென்ஸ் என்று டீலர் யாராவது நீட்டினால் கவனம்: விண்டோஸுக்கு அது அப்கிரேடு மட்டுமே, அடியில் முழு லைசென்ஸ் இருந்தால்தான் செல்லும்.

இன்னொன்று. அச்சகம் நடத்துகிறீர்கள், டிசைன் சாஃப்ட்வேர் பற்றியும் தமிழ் ஃபான்ட் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சோதனை செய்ய கோர்ட் நியமிக்கும் கமிஷனர் முன்னறிவிப்பின்றி வந்தால் மெஷினில் கண்ணில் படும் எல்லாமே அறிக்கையில் ஏறிவிடலாம். விண்டோஸைவிட அங்கேதான் தொகை பெரிதாகும். பதிப்புரிமை மீறலுக்கான 63-ஆம் பிரிவு ஜாமீனில் வெளிவர முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. 64-ன்படி எஸ்ஐ வாரண்ட் இல்லாமலே பறிமுதல் செய்யலாம்.

ஆகவே சாஃப்ட்வேர் நிறுவனத்துடன் சமரசம் பேசுங்கள். வக்கீல் மூலம் மட்டும், ஒப்புதல் வாசகம் இல்லாத பதிலாக. அவர்கள் அனுப்பும் கணக்கெடுப்புப் படிவத்தை வக்கீல் பார்க்காமல் நிரப்பிக் கொடுக்காதீர்கள். புது லைசென்ஸ் வாங்கினால் பழசு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய; தீராது. கடந்த காலப் பயன்பாட்டுக்கு இனி உரிமை கோரமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். வீட்டில் வேறு பெயரில் இன்னொரு யூனிட் இருந்தால் அதன் பெயரும் அதில் வரவேண்டும்.

டீலரிடம் பிறகு வரலாம். தொழிலுக்கு வாங்கியது, இரண்டு வருடமும் தாண்டிவிட்டது. நுகர்வோர் கோர்ட் ஒத்துவராது. நீங்கள் கொடுத்த சமரசத் தொகையைக் கேட்டு சிவில் வழக்கு போடலாம். மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும். இப்போது சீட்டிங் புகார் கொடுத்தால், திருட்டு விண்டோஸில் தொழில் செய்தேன் என்று நீங்களே போலீஸில் எழுதிக் கொடுத்ததாக ஆகும். வாட்ஸ்அப்பில் அவரைத் திட்டி அனுப்பும் செய்திக்கும் இதே கதிதான்.