மொத்தக் கூலி பேசிய பிறகு பாயிண்ட் கணக்கு கேட்கலாமா?

கேள்வி: மணப்பாறையில் வீடு கட்டுகிறேன். பிளானைப் பார்த்து, விளக்கு, ஃபேன், பிளக் என 70 பாயிண்டுக்கும் சேர்த்து ஒயரிங் கூலி மொத்தம் 70,000 ரூபாய் என்று எலக்ட்ரீஷியன் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 60,000 கொடுத்துவிட்டேன். நடுவில் ஏசிக்கு 2, சிசிடிவிக்கு 4, இன்வெர்ட்டருக்கு 1 பாயிண்ட் சேர்க்கச் சொன்னேன். இப்போது 92 பாயிண்ட் ஆகிவிட்டது, மேற்கொண்டு 38,000 தந்தால்தான் மின் இணைப்புக்கான ரிப்போர்ட்டில் கையெழுத்து என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. என்ன செய்வது?

பதில்: முத்திரைத்தாள் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். உங்களிடம் வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல், சாட்டை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள்.

மொத்தக் கூலி பேசினால், அந்த பிளானில் உள்ள வேலை முழுவதும் அந்தத் தொகைக்குள் அடங்கும். சுவர் வெட்ட அதிக நாள் ஆனது, ஆள் கூலி ஏறிவிட்டது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பேசிய விலையை மாற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 62 அதைத்தான் சொல்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டுச் சேர்த்த 7 பாயிண்டுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். இலவசமாகச் செய்து தரும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் ஈடு தர வேண்டும் என்கிறது பிரிவு 70. இதில் நியாயம் அவர் பக்கம்.

மீதி 15 எங்கிருந்து வந்தது? பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு அறை அறையாக நடந்து எண்ணுங்கள். மாடிப்படி விளக்கு ஒன்றுதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். அதை இரண்டாக எண்ணியிருக்கலாம், ஃபேன் ரெகுலேட்டரைத் தனியாக எண்ணியிருக்கலாம். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பாயிண்ட் ரேட் பேசியிருந்தால் இந்த வாதத்துக்கு இடமுண்டு. மொத்தக் கூலியில் பிளானில் இருந்ததா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

உங்கள் கணக்கில் சராசரி பாயிண்டுக்கு 1,000 ரூபாய். சிசிடிவி, இன்வெர்ட்டர் ஐந்துக்கும் 5,000. ஏசி லைன், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸிலிருந்தே தடித்த ஒயரில், லோடு மீறினால் தானாக அணையும் தனி எம்சிபி சுவிட்சோடு வர வேண்டும். அதை லைட் பாயிண்ட் விலைக்குக் கேட்பது சரியல்ல, இரட்டிப்பாகவே கொடுங்கள். ஆக 9,000, பழைய பாக்கி 10,000. மொத்தம் 19,000 தரத் தயார், எர்த்தையும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியையும் சோதித்துக் காட்டி ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டும் என்று 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு என்று திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் வேறு யாரையாவது பிடித்து, சோதிக்காமலே கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். அந்த வீட்டில் குழந்தைகள் சுவிட்சைத் தொடப் போகிறார்கள்.