ரத்த அழுத்தம் 120-ஆ, 140-ஆ? முதலில் கை எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்க ஐயனுக்கு வயசு 67. சர்க்கரை இல்லை, பக்கவாதம் வந்ததில்லை. பிரஷருக்குத் தினமும் டெல்மிசார்டான் 40 போடறாருங்க. மருந்துக்கடையில பார்த்தா 148, வீட்டு மெஷின்ல 134. "120-க்குக் கீழ இருக்கோணும்னு ஆராய்ச்சியே சொல்லுது, இன்னொரு மாத்திரை சேர்த்துக்கலாம்"ங்கறார் மாமா. சேர்க்கலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்களாகச் சேர்க்காதீர்கள். மாமா சொல்வது 2015-ல் வெளியான அமெரிக்காவின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வு. 50 வயது கடந்த, இதயநோய் ஆபத்து கூடுதலாக உள்ள 9,361 பேர். ரத்த அழுத்தத்தின் மேல் அளவை (இரண்டு எண்களில் பெரியதை) 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்கு குறைந்தன. பெரிய பலன்தான். ஆனால் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. அங்கே 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கி மெஷினில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தார்கள். கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைக்கை மேலேயே பட்டையைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டு எடுத்த 148-ஐ அந்த 120-ஓடு ஒப்பிடவே கூடாது. கை தொங்குவதாலேயே சராசரியாக 6 பாயிண்டுக்கு மேல் கூடும். மடியில் வைத்தால் 4. பட்டை சிறியதானாலும் கூட்டியே காட்டும்.

வீட்டில் ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்னால். கயிற்றுக்கட்டில் வேண்டாம், அதில் முதுகுக்குப் பிடிப்பில்லை. சாய்வுள்ள நாற்காலி, பாதம் தரையில். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் தோலில் பட்டை. கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். பேச்சு கூடாது, "எவ்வளவு வந்துச்சு?" என்றுகூட. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அப்படியே. முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டு அளவில் 135/85 என்பது மருத்துவமனையின் 140/90-க்குச் சமம்.

ஐயன் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்த்து அதையும் எழுதுங்கள். மேல் அளவு 20 பாயிண்ட் இறங்கினால் கூடுதல் மாத்திரை அவரைக் கீழே தள்ளிவிடலாம். மருத்துவர் முடிவெடுக்க இந்தத் தாள் போதும்.

கேள்வி: சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாமா? தோப்பு இளநீர் தினமும் குடிக்கிறோம்.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில் (2021) முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த இந்த வகை உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் தாராளமாக மாறலாம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதே பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். இளநீரிலும் அது நிறைய. டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்து, மருத்துவரைக் கேட்டு மாறுங்கள். எந்த உப்பானாலும் ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. அரிசிம்பருப்புக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.