பழைய காலத்து தொழிலாளிங்க போட்டிருந்த பேட்ஜ், வில்லை எதாவது உங்க மனசுல நின்னிருக்கா?

இருக்கு. லண்டன்ல மாடு ஓட்டுறவங்க கையில கட்டியிருந்த பித்தளை வில்லை. நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல போர்ட்டர் அண்ணன்மாருங்க சிவப்புச் சட்டை மேல நம்பர் போட்டு கட்டியிருப்பாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரிதான். பழைய நாணயம் சேக்குற ஒருத்தர் வீட்டுல ஒண்ண கையில வாங்கிப் பாத்தேன், சின்னதுதான் ஆனா நல்ல கனம், அன்னிக்கு ராத்திரி பூரா அத பத்தியே படிச்சிட்டு உக்காந்திருந்தேன்.

லண்டன் நடுவுல ஸ்மித்ஃபீல்டுன்னு ஒரு சந்தை. வேல்ஸ், ஸ்காட்லாந்துல இருந்தெல்லாம் மாட்டுக்கு லாடம் அடிச்சு வாரக்கணக்குல நடத்தியே கூட்டிட்டு வருவாங்க. ஊர் எல்லையில இஸ்லிங்டன் பக்கம் பெரிய பட்டிங்க இருந்துச்சு, அங்க வந்ததும் வெளியூர் ஆளுங்க வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் நகரத்துக்குள்ள ஓட்டிட்டு போறது லைசென்ஸ் வாங்கின லண்டன் ஆளுங்க. இவங்களுக்குத்தான் அந்த நம்பர் வில்லை. திங்கக்கிழமை பெரிய சந்தைங்கறதால ஞாயித்துக்கிழமை ராத்திரியே தீப்பந்தத்தோட சந்து சந்தா ஓட்டிட்டு போவாங்க.

இந்த வில்லை கவுரவத்துக்காக குடுத்தது இல்லங்க. மாட்ட போட்டு அடிச்சாலோ, மாடு மிரண்டு ஓடி யாரையாவது முட்டினாலோ, பாத்தவங்க நம்பர குறிச்சிட்டுப் போய் புகார் குடுக்கலாம், அதுக்குத்தான். 1822ல ரிச்சர்ட் மார்ட்டின்ங்கற எம்.பி. கொண்டுவந்த சட்டத்துல ஆடு மாடு குதிரைய கொடுமைப்படுத்தினா 10 ஷில்லிங்ல இருந்து 5 பவுண்ட் வரைக்கும் அபராதம், கட்ட முடியலன்னா ஜெயில். ரெண்டு வருஷம் கழிச்சு 1824ல மிருகவதை தடுப்புச் சங்கம் ஆரம்பிச்சதும் முதல்ல ஆள் போட்டு கண்காணிச்ச இடங்கள்ல ஸ்மித்ஃபீல்டும் ஒண்ணு.

ஆனா எனக்கு மனசு கேக்காம போனது வேற விஷயம். அந்தச் சந்தை இருந்ததே ஏறத்தாழ 5 ஏக்கர். 1840கள் கடைசியில வருஷத்துக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் மாடும் 15 லட்சம் செம்மறியும் அதுக்குள்ள வந்திருக்கு. கட்டுறதுக்கு கம்பி வேலியில இடம் பத்தாது, அதனால மிச்ச மாட்டையெல்லாம் வட்டமா நிறுத்துவாங்க, தலையெல்லாம் உள்பக்கம், வாலெல்லாம் வெளிப்பக்கம். எந்த மாடு அப்படி தானா போய் நிக்கும்? மூக்குலயும் கால் மூட்டுலயும் அடிச்சு, தார்க்குச்சியால குத்திக் குத்தித்தான் நிறுத்த முடியும். விடியறதுக்குள்ள நிறுத்தலன்னா அந்த ஆளுக்கு கூலி போச்சு, நிறுத்தினா நம்பர குறிச்சிட்டு போயிடுவாங்க. அவன் செஞ்சது சரின்னு நான் சொல்லல, அந்த மாடு பட்ட பாட்ட படிக்கவே முடியல, ஆனா அவன் கையில மட்டும் நம்பர் இருந்துச்சு, அந்த இடத்த மாத்தாம வெச்சிருந்தவங்க கையில இல்ல. 1836லயே ஜான் பெர்கின்ஸ்னு ஒருத்தர் இஸ்லிங்டன்ல சொந்தக் காசுல விசாலமா ஒரு சந்தை கட்டினார், பழைய சந்தையில வருமானம் பாத்தவங்க விடல, ஓடாமலே போச்சு. நகர நிர்வாகத்துக்கு சந்தை சுங்கம் போயிடுமேன்னு கவலை. கடைசியில 1851ல பார்லிமென்ட்டே சட்டம் போட்டுத்தான் மாட்டுச் சந்தைய வெளிய அனுப்ப வேண்டியிருந்துச்சு, 1855 ஜூன்ல இஸ்லிங்டன்லயே கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்ங்கற இடத்துல புதுசு திறந்தாங்க. அதுக்குள்ள ரயில்லயும் மாடு வர ஆரம்பிச்சதால நடத்திக் கூட்டிட்டு வர்ற தொழிலே கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிப் போச்சு. 1867ல வந்த இன்னொரு சட்டம் காலை 10ல இருந்து ராத்திரி 7 வரைக்கும் போலீஸ் அனுமதி இல்லாம தெருவுல மாடு ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

ஸ்மித்ஃபீல்டுல 1868ல இருந்து கறிச் சந்தைதான். புது மாட்டுச் சந்தை இருந்த இடம் இப்போ கேலிடோனியன் பார்க், நடுவுல அந்தக் கால கடிகார கோபுரம் இன்னும் அப்படியே நிக்குது. லண்டன் போறவங்க யாராச்சும் இருந்தா ஒரு எட்டு போய் பாத்துட்டு வாங்க.